ஊட்டுகிற கையை எப்போது எடுப்பது? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் வீட்டுக் கொக்கட்டீல் கிளிக்குஞ்சுக்கு இப்போது ஆறு கிழமை. போன கிழமைவரை சிரிஞ்சைக் கண்டாலே ஓடிவரும். இப்போது இரண்டு மிடறு குடித்ததும் வாயை மூடிக்கொள்கிறது. மிச்சத்தைத் தலையை உதறிச் சுவரெல்லாம் தெறிக்க விடுகிறது. நிறையும் 98 கிராமிலிருந்து 90 ஆகிவிட்டது. விற்றவரைக் கேட்டால், “ஒரு நாள் ஒன்றும் குடுக்காமல் விடுங்கோ, பசி வந்தால் தானாய்த் தின்னும்” என்கிறார். அப்படி விடலாமா?
– ஒரு வாசகி, உவர்மலை

பதில்: விடாதீர்கள். பட்டினி போட்டால் தின்னும் என்பது கோழிக்குஞ்சைப் பார்த்துச் சொல்கிற கதை. கோழிக்குஞ்சு பொரித்த நாளே கொத்தும். கிளியினத்துக் குஞ்சு தாய் தகப்பன் கக்கி ஊட்டுவதை வாங்கித்தான் வளரும். கொத்துவது, அலகில் பிடிப்பது, கோது உடைப்பது எல்லாம் அது பழகி எடுக்கவேண்டிய வேலைகள். கடும் பசியில் இருக்கிற குஞ்சு எதையும் பழகாது. கூட்டின் மூலையில் நின்று கத்தும், அவ்வளவுதான். வயிறு முட்டக் குடித்த குஞ்சும் பழகாது, அது நித்திரை கொள்ளும். அரை வயிறோடு இருக்கும்போதுதான் நாலு பக்கமும் பார்க்கும், கண்டதையெல்லாம் கடித்துப் பார்க்கும். கையால் ஊட்டுவதை நிறுத்துகிற வித்தை முழுவதும் அந்த அரை வயிற்றைப் பிடித்து வைத்திருப்பதில்தான் இருக்கிறது.

நீங்கள் சொல்லும் அறிகுறிகள் நோயல்ல. சிறகு முளைத்துப் பறக்கத் தொடங்கும் காலத்தில் குஞ்சு தானாகவே உடம்பைக் குறைக்கும். கொக்கட்டீல் நாலு ஐந்து கிழமையில் வளர்ந்த பறவையின் நிறையை எட்டும், சிலது தாண்டியும் போகும். பிறகு நூற்றுக்குப் பத்துப் பங்கு வரை இறங்கும். 98 இலிருந்து 90 என்பது எட்டுப் பங்குதான். எல்லைக் கோட்டை 88 கிராமில் போட்டுக்கொள்ளுங்கள். அதற்குக் கீழே போனாலோ, மூன்று நாள் தொடர்ந்து இறங்கிக்கொண்டே வந்தாலோ, குறைத்த ஊட்டைத் திரும்பக் கொடுக்க வேண்டும்.

இதற்கு ஒரு கிராம் வரை காட்டும் சமையலறை டிஜிட்டல் தராசு வேண்டும். காலையில் முதல் எச்சம் போட்ட பிறகு, எதுவும் ஊட்டுவதற்கு முன், ஒரு பிளாஸ்டிக் கோப்பையில் குஞ்சை இருத்தி நிறுங்கள். தினமும் அதே நேரம். மத்தியானம் நிறுத்தால் தொண்டைப்பையில் கிடக்கும் தீனியைத்தான் நிறுக்கிறீர்கள், குஞ்சை அல்ல. தொண்டைப்பை என்று நாங்கள் சொல்வது கழுத்தடியில் இரை சேரும் பையை. இனி வரும் பதில்களிலும் அதே பொருள்தான்.

ஆறு கிழமைக் கொக்கட்டீலுக்கு நாளைக்கு மூன்று ஊட்டு நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதலில் மத்தியான ஊட்டை எடுங்கள். ஒரேயடியாக அல்ல. 9 மில்லிலீற்றர் குடித்தால் இரண்டு நாளைக்கு 6, பிறகு 3, பிறகு இல்லை. அந்த நேரத்தில் கூட்டில் தீனி தாராளமாகக் கிடக்க வேண்டும். நிறை நாலைந்து நாள் ஆடாமல் நின்றால் காலை ஊட்டுக்குப் போங்கள். விடிந்ததும் முதலில் தீனிக் கிண்ணத்தை வையுங்கள். ஒரு மணித்தியாலம் கழித்துக் குறைந்த அளவில் ஊட்டுங்கள். விடியலிலேயே கத்திக் குழறும் குஞ்சென்றால் இரண்டு மில்லி கொடுத்து ஆற்றிவிட்டு மேயவிடலாம். இரவு ஊட்டு கடைசியில்தான் போகவேண்டும். திருகோணமலையில் வருடம் முழுக்க இரவு ஏறக்குறையப் பன்னிரண்டு மணித்தியாலம். அவ்வளவு நேரம் வெறும் வயிற்றோடு கிடக்கும் குஞ்சு மறுநாள் காலை கொத்திப் பழகும் தெம்பில் இருக்காது.

கொக்கட்டீல் பெரும்பாலும் எட்டாம் கிழமைக்கும் பத்தாம் கிழமைக்கும் இடையில் கையால் ஊட்டுவதை மறக்கும். கடைகளில் லவ் பேர்ட்ஸ் என்று விற்கும் பஜ்ஜிக் கிளி ஐந்து தொடக்கம் ஏழு கிழமைக்குள், ஆபிரிக்க லவ் பேர்ட் ஆறு தொடக்கம் எட்டுக் கிழமைக்குள். இவை கலண்டரில் வட்டம் போட்டு வைக்கிற திகதிகள் அல்ல. ஒரே கூட்டில் பொரித்த இரண்டு குஞ்சுகளுக்கே பத்து நாள் வித்தியாசம் வரும்.

இன்னொன்று. வாயை மூடுகிற குஞ்சுக்குச் சிரிஞ்சைத் திணிக்காதீர்கள். தலையை மேலும் கீழும் ஆட்டி வாங்குகிற வேளையில் மட்டுமே மூச்சுக்குழல் வாய் மூடியிருக்கும். அந்த ஆட்டம் இல்லாமல் தள்ளினால் சிரிஞ்சில் இருக்கும் மாக்கூழ் மூச்சுக்குழலுக்குள் போகும். சில குஞ்சுகள் அந்த இடத்திலேயே முடிந்துவிடும். தப்பினாலும் இரண்டு மூன்று நாளில் நிமோனியா. குடிக்க மறுத்தால் அரை மணித்தியாலம் பொறுத்து இன்னொரு தரம் காட்டுங்கள். அப்போதும் வேண்டாம் என்றால், நிறை சரியாக இருக்கும்வரை, அதன் பேச்சைக் கேளுங்கள்.

கேள்வி: பஜ்ஜிக் குஞ்சு தினையை நாள் முழுக்கக் கொறிக்கிறது. கிண்ணத்தில் கோதும் கிடக்கிறது. அப்படியென்றால் தின்கிறது என்றுதானே அர்த்தம்? ஊட்டை நிறுத்தலாமா?
– கிண்ணியா வாசகர்

பதில்: கோது கிடந்தால் உடைக்கத் தெரியும் என்று அர்த்தம். விழுங்கியதா என்பது வேறு கணக்கு. புதிதாகப் பழகும் குஞ்சு கோதை உடைத்து, உள்ளே இருக்கும் பருப்பை நாக்கில் உருட்டி, கீழே விட்டுவிடும். கூட்டின் அடியில் வெள்ளைக் கடதாசி விரித்துப் பாருங்கள். கோதோடு சேர்ந்து உரித்த பருப்பும் கிடந்தால் அது விளையாட்டு.

சரியான சோதனை தொண்டைப்பையில். பின்னேரம், ஊட்டுவதற்கு முன், விரல் நுனியால் கழுத்தடியை மெல்லத் தொட்டுப் பாருங்கள். கூழ் குடித்த பை தண்ணீர் ஊற்றிய பலூன் மாதிரி வழுக்கும். தானியம் தின்ற பையில் மணி மணியாகக் கையில் தட்டுப்படும். இரவு அடங்கும் நேரத்தில் அப்படி மணி மணியாக நிறைந்த பை தொடர்ந்து ஒரு கிழமை இருந்து, காலை நிறையும் நின்றால், ஊட்டை நிறுத்தலாம்.

எச்சமும் சொல்லும். கூழ் குடிக்கும்வரை எச்சம் பெரிதாக, இளகலாக, மண்ணிறமாக இருக்கும். தானியத்துக்கு மாறியதும் சிறுத்து, இறுகி, பச்சையாகி, பக்கத்தில் வெள்ளைச் சுண்ணாம்போடு விழும். கடுகளவில் கரும்பச்சையாக விழுந்தாலோ, வெள்ளையும் தண்ணீரும் மட்டும் வந்தாலோ, உள்ளே ஒன்றும் போகவில்லை. அன்றைக்கே திரும்ப ஊட்டுங்கள்.

கேள்வி: பெல்லட் என்கிற குருணைத் தீனி இங்கே எல்லாக் கடையிலும் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் விலை. சந்தையில் கிடைப்பதை வைத்தே குஞ்சைத் தின்னப் பழக்க முடியுமா? என்ன கொடுக்கலாம், என்ன கூடாது?
– உப்புவெளி வாசகி

பதில்: தாராளமாக முடியும். முதல் தீனி தினைக்கதிர். கொத்தினால் ஆடும், மணி சுலபமாக உதிரும். காலும் அலகும் ஒரே நேரத்தில் பழகும். நாலரை ஐந்து கிழமையில், குஞ்சின் நெஞ்சு உயரத்தில் ஒரு கதிரைக் கட்டிவிடுங்கள். உதிரித் தினையைக் கிண்ணத்தில் மட்டும் வைக்காமல் தரையிலும் தூவுங்கள். குஞ்சு முதலில் கொத்துவது தன் காலடியில் கிடப்பதைத்தான். நீங்கள் சுட்டுவிரலால் தரையில் ‘டொக் டொக்’ என்று தட்டினால் அதுவும் வந்து தட்டும். வளர்ந்த பறவை ஒன்று பக்கத்துக் கூட்டில் நின்று தின்றால் உங்களுக்குப் பாதி வேலை குறைவு.

இரண்டாவது மென்மையான தீனி. முளைவிட்ட பயறு இதில் முதன்மை. எட்டு மணித்தியாலம் ஊறவைத்து, வடித்து, ஈரத் துணியில் கட்டுங்கள். நம் வெக்கையில் ஒரு நாளைக்கு மூன்று தரமாவது அலச வேண்டும். வால் எட்டிப் பார்த்ததும், அரை சென்ரிமீற்றருக்குள், கொடுத்துவிடுங்கள். மூக்கில் வைத்துப் பாருங்கள். புளித்த வாடை கொஞ்சம் வந்தாலும் கொட்டுங்கள். அவித்த முட்டையை மஞ்சளும் வெள்ளையுமாக மசித்துக் கிழமைக்கு மூன்று நாள், ஒரு தேக்கரண்டி. இறகு முளைக்கும் காலத்துப் புரதத்துக்கு அதைவிட மலிவாக ஒன்றும் இல்லை. சோளன் நல்லது, ஆனால் வீதியோரம் விற்கும் அவித்த சோளன் உப்புத் தண்ணீரில் வெந்தது. வீட்டில் உப்பில்லாமல் அவியுங்கள். துருவிய கரட், ஆவியில் வெந்த பூசணி, பப்பாசி, பொடியாக நறுக்கிய போஞ்சி. கீரையில் முருங்கை இலை, பொன்னாங்காணி, வல்லாரை, கங்குன். மருந்தடித்த கீரை என்று சந்தேகம் இருந்தால் அரை மணித்தியாலம் தண்ணீரில் போட்டு இரண்டு தரம் அலசுங்கள். கீரையை ஈரத்தோடு கம்பியில் செருகிவிட்டால், அந்தத் தண்ணீரை நக்கப் போய் இலையைக் கடிக்கப் பழகும். வெறும் சோறு கொஞ்சம் கொடுக்கலாம், ஆனால் சோற்றை மட்டும் தின்று வளரும் குஞ்சு சதை பிடிக்காது. சூரியகாந்தி விதை கொழுப்புத் தீனி. ருசி கண்டுவிட்டால் மற்றதைத் திரும்பிப் பார்க்காது. பழகும் காலத்தில் கண்ணில் காட்டாமல் இருப்பதே புத்தி.

மென்மையான தீனி எதுவும் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் கூட்டில் கிடக்கக்கூடாது. சூடான, வறண்ட கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் ஒன்றரை மணித்தியாலமே அதிகம். காலை ஆறரைக்கு ஒரு தரம், பின்னேரம் நாலரைக்கு ஒரு தரம் வைத்து எடுத்துவிடுங்கள். நடுப்பகலில் உலர்ந்த தினை மட்டும் கிடக்கட்டும். அந்த வெயிலில் குஞ்சும் தின்னாது, தீனி கெட்டுப்போவதுதான் மிச்சம்.

தண்ணீரைத் தாழ்ந்த தட்டில், ஒரு விரற்கடை ஆழத்துக்கு வையுங்கள். கரையோரக் கிணறுகள் கோடையில் உவர்க்கும். வீட்டில் நீங்கள் குடிக்கிற தண்ணீரையே குஞ்சுக்கும் கொடுங்கள். கூழை நிறுத்தும் நாட்களில் இதை மறக்கவே கூடாது. அதுவரை குஞ்சுக்குத் தேவையான தண்ணீர் முழுக்கக் கூழோடுதான் போய்க்கொண்டிருந்தது.

கூடாதவை: அவகாடோ நஞ்சு, துளியும் வேண்டாம். சொக்லேட், தேத்தண்ணி, கோப்பி, வெங்காயம், உப்பும் எண்ணெயும் சேர்ந்த எதுவும் கூடாது. மிளகாய் உறைப்பு பறவைக்குத் தெரியாது, ஆகையால் மிளகாய் விதையைக் கண்டு பயப்பட வேண்டாம். வடையைக் கண்டு பயப்படுங்கள். வாயில் மென்று ஊட்டும் பழக்கமும் வேண்டாம். நம் எச்சிலில் இருக்கும் கிருமி பறவைக்கு ஆகாது.

கேள்வி: நாலு கிழமைக் கொக்கட்டீல் குஞ்சு. திரிபோசாச் சத்துமாவைப் பாலில் கரைத்து ஊட்டுகிறோம். நேற்று இரவு குடித்தது காலையிலும் தொண்டையில் அப்படியே கிடக்கிறது. வாயில் புளித்த மணம். என்ன செய்வது?
– தம்பலகாமம் வாசகர்

பதில்: தொண்டைப்பை புளித்துவிட்டது. இந்த இதழ் கைக்கு வரும்வரை காத்திருக்காமல், இதே நிலையில் குஞ்சு வைத்திருக்கும் யாரும் அன்றைக்கே மிருக வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும். பைக்குள் பூஞ்சையோ பக்றீரியாவோ பெருகியிருக்கும், அதற்கு மருந்து வேண்டும். போகும்வரை செய்யக்கூடியது இவ்வளவுதான்: பழையது கிடக்கும்போது மேலே புதிது ஊட்டாதீர்கள். உடல் சூட்டில் இரண்டு மில்லி வெந்நீர் மட்டும் கொடுத்து, பையை விரலால் மிக மெல்லத் தடவுங்கள். குஞ்சைக் கதகதப்பாக வையுங்கள். தலைகீழாகப் பிடித்து அமுக்கி வாந்தி எடுக்கப் பண்ணுவதாகச் சிலர் சொல்வார்கள். அது கூழை நேராக நுரையீரலுக்கு அனுப்பும் வழி.

காரணம் பெரும்பாலும் பால்தான். பறவைக்குப் பாலைச் செரிக்கும் ஆற்றல் இல்லை. திரிபோசா தாய்மாருக்கும் குழந்தைகளுக்கும் செய்தது, கிளிக்குஞ்சின் தேவை வேறு. பறவைக் குஞ்சுக்கென்று விற்கும் ஹேண்ட் பீடிங் மாவை, பைக்கற்றில் எழுதிய அளவில், கொதித்து ஆறிய தண்ணீரில் மட்டும் கரையுங்கள்.

மற்றக் காரணங்கள் சூடும் சுத்தமும். கூழ் 39 தொடக்கம் 41 பாகை செல்சியஸ் இருக்க வேண்டும். 38க்குக் கீழே போனால் பை வேலை செய்ய மந்தப்படும். 43ஐத் தாண்டினால் பையின் தோல் உள்ளே வேகும். வெந்தது உடனே தெரியாது. சில நாள் கழித்து நெஞ்சின் மேல் சிவந்து, பொருக்குக் கட்டி, ஓட்டை விழுந்து கூழ் வெளியே வழியும்போதுதான் தெரியும். அதற்குத் தையல்தான் வழி. கை மணிக்கட்டில் விட்டுப் பார்ப்பது போதாது, பாமசியில் ஒரு தேர்மாமீற்றர் வாங்குங்கள். மைக்ரோவேவில் சூடாக்க வேண்டாம். மேலே வெதுவெதுப்பாக இருக்கும், நடுவில் கொதிக்கும். கரைத்த கோப்பையைச் சுடுதண்ணீர்ப் பாத்திரத்தில் வைத்துக் கலக்குங்கள். மிஞ்சிய கூழை எடுத்து வைக்கிற சிக்கனம் கூடாது. சிரிஞ்சைக் கழற்றிக் கழுவுங்கள். இறப்பர் வளையத்தின் அடியில் காய்ந்து ஒட்டியிருக்கும் மாதான் அடுத்த ஊட்டைக் கெடுக்கும்.

ஒரு தரத்துக்குக் குஞ்சின் நிறையில் பத்தில் ஒரு பங்கு போதும். 70 கிராம் குஞ்சுக்கு 7 மில்லி. நாளில் ஒரு தரமாவது, அதாவது விடியலில், பை முழுதாகக் காலியாகியிருக்க வேண்டும்.

கேள்வி: “தானே தின்னும்” என்று சொல்லித்தான் தந்தார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து இரண்டு நாளாகச் சிறகை நடுக்கிக்கொண்டு கத்துகிறது. ஊட்டினால் பழக்கம் கெட்டுவிடுமா?
– சாம்பல்தீவு வாசகி

பதில்: கெடாது. ஊட்டுங்கள். இடம் மாறினால் குஞ்சு இரண்டு படி பின்னுக்குப் போகும், அது வழமை. காலையும் இரவும் சூடான கூழ் கொடுங்கள். பெரும்பாலும் ஒரு கிழமைக்குள் தானாக விட்டுவிடும். சிரிஞ்ச் பழக்கம் இல்லையென்றால், ஒரு தேக்கரண்டியின் இரு ஓரங்களையும் குறட்டால் மடித்து அதில் நக்கக் கொடுங்கள். மெதுவாகத்தான் இறங்கும், ஆனால் புரைக்கேறும் பயம் குறைவு.

அதோடு ஒரு வார்த்தை. கூழ் குடிக்கும் வயதில் வாங்கினால்தான் கிளி நம்மோடு ஒட்டும் என்று சொல்லிக் குஞ்சை விற்பது, சில கிழமைத் தீனியும் உழைப்பும் மிச்சம் என்பதற்காகத்தான். தானே தின்னும் வயதில் வாங்கிய குஞ்சும் தினமும் கையில் எடுத்தால் ஒட்டும்.

கேள்வி: கிளிக்கு மணல் வைக்க வேண்டுமா? கடற்கரையில் கிடக்கும் கணவாய் ஓட்டைக் கொடுக்கலாமா?
– நிலாவெளி மாணவர்

பதில்: மணல் வேண்டாம். கிளியினம் கோதை நீக்கிவிட்டுத் தின்பதால் அரைக்கக் கல் தேவையில்லை, மிஞ்சித் தின்றால் அடைப்புத்தான். கணவாய் ஓடு அருமை. முழுதாக, வெள்ளையாக, எண்ணெய்க் கறை இல்லாததாகப் பொறுக்கி, இரண்டு நாள் நல்ல தண்ணீரில் ஊறப்போடுங்கள். தண்ணீரை மாற்றிக்கொண்டே இருங்கள். பிறகு வெயிலில் காயவைத்து, மென்மையான பக்கம் குஞ்சைப் பார்க்கக் கட்டுங்கள்.

கேள்வி: பூனை கலைத்த கூட்டிலிருந்து ஒரு புறாக்குஞ்சு. இருபது நாள் இருக்கும். கிளிக்குஞ்சுக்குச் சொல்வதையே இதற்கும் செய்யலாமா?
– மூதூர் வாசகர்

பதில்: முதலில் ஒன்று: பூனை வாய் பட்டிருந்தால், காயம் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் வைத்தியரிடம் காட்டுங்கள். பூனை எச்சில் பறவையின் இரத்தத்தில் கலந்தால் ஓரிரு நாளில் முடித்துவிடும்.

தீனி முறை வேறு. புறா கோது நீக்காது, முழுதாக விழுங்கும். அதனால் இதற்குச் சிறு கல் வேண்டும், தானே தின்னத் தொடங்கிய பிறகு. இந்த வயதில் கூழை விட ஊறிய தானியம் சுலபம். பயறு அல்லது கௌப்பியை இரவு முழுக்க ஊறவைத்து, வெதுவெதுப்பாக்கி, அலகை மெல்லத் திறந்து நாக்குக்குப் பின்னால் ஒவ்வொன்றாக வையுங்கள். தொண்டைப்பை மெத்தென்று இருக்கும்போதே நிறுத்துங்கள், இறுகவிடாதீர்கள். பை இறங்கியதும் அடுத்தது, நாளைக்கு மூன்று தரம் வரும். தண்ணீரைத் தட்டில் இரண்டு மூன்று சென்ரிமீற்றர் ஆழத்துக்கு வைத்து அலகு நுனியை மட்டும் தோய்த்துக் காட்டுங்கள், மூக்குத் துவாரம் நனையக்கூடாது. கோழி போலத் தலையை நிமிர்த்தாது, உறிஞ்சியே குடிக்கும். 28 நாளளவில் தட்டில் குரக்கனும் உடைத்த சோளனும் தூவி வையுங்கள். ஐந்தாம் கிழமையில் தானே தின்னும்.

கேள்வி: பறக்கத் தொடங்கிவிட்டது. ஊட்டை நிறுத்தும்வரை இறகை வெட்டிவிடலாமா? வீட்டில் மின்விசிறி ஓடுகிறது.
– லிங்கநகர் வாசகர்

பதில்: வெட்ட வேண்டாம். பறந்து, இறங்கி, தானாகத் தீனிக் கிண்ணத்தைத் தேடிப் போகும் குஞ்சுதான் விரைவில் பழகும். பறக்கவிடாமல் வைத்த குஞ்சு பயந்து, உங்கள் கையையே நம்பி நிற்கும். குஞ்சு வெளியில் இருக்கும் நேரம் மின்விசிறியை நிறுத்துங்கள், கண்ணாடி யன்னலுக்குத் திரை இழுங்கள், வாளித் தண்ணீரை மூடுங்கள். நொன் ஸ்டிக் சட்டி காய்ந்து புகைந்தால் அந்த ஆவி பறவையை நிமிடக்கணக்கில் கொல்லும், ஆகவே குசினிக்குள் கூடு வேண்டாம். நுளம்புச் சுருளும் சாம்பிராணியும் கூடு இருக்கும் அறையில் கொளுத்தக்கூடாது. நுளம்புக்கு, மாலை ஆறு மணிக்குக் கூட்டின் மேல் பழைய நுளம்பு வலைத் துண்டு ஒன்றைப் போட்டு, கீழ்விளிம்பைக் கிளிப்பால் இறுக்கிவிடுங்கள். நகம் வலையில் மாட்டாமல் இருக்க, வலைக்கும் கம்பிக்கும் நாலு விரல் இடைவெளி இருக்கட்டும்.